பேண்டுக்குள் பேஸ் பெரிதாகக் கேட்க: ஆம்ப், பெடல் முழுமையான வழிகாட்டி

கல்லூரி கல்சுரல்ஸில் முதல்முறை மேடை ஏறியபோது என் பேஸ் கிட்டார் ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) தாழ்ந்த ஒலிக்கான லோ குமிழ் முழுக்க வலப்பக்கம், நடு ஒலிக்கான மிட் குமிழ் முழுக்க இடப்பக்கம். வீட்டில் தனியாக வாசித்தபோது அந்த அமைப்பில் ஜன்னல் கதவு அதிர்ந்தது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போட்டன. அம்மா வந்து திட்டியதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மேடையில் டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்ததும் என் பேஸ் காணாமல் போனது. கீழே இறங்கியதும் டிரம்மர் கேட்டான்: "மச்சான், ரெண்டாவது பாட்டுல நீ வாசிச்சியா இல்லையா?" மிக்ஸரில் இருந்த அண்ணன் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, உங்க பக்கத்துலருந்து வெறும் காத்துதான் வருது. லோவ இறக்கிட்டு மிட்டக் கொஞ்சம் ஏத்துங்க."

அவர் சொன்னது ஏன் சரி என்று புரிய எனக்கு மூன்று வருடமும், தேவையே இல்லாத நான்கு பெடலும் ஆயின. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். ஒன்றிரண்டு கிட்டார், டிரம்ஸ், பாடுபவர் என்று இருக்கும் சாதாரண ராக் பேண்டில் நான்கு கம்பி பேஸ் வாசிப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பெடல் நடுவில்தான் வரும். அதற்கு முன்னால் இருப்பதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் மாதம் ஒரு பெடலை விற்பனைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய ஒலி எங்கே இருக்கிறது

ஃபிரெட் எதையும் அழுத்தாமல் தடித்த ஈ கம்பியை மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55, டீ 73, ஜீ 98. ஐந்து கம்பி பேஸ் என்றால் அடியில் இருக்கும் பி கம்பி 31-ஐ ஒட்டி வரும்.

இப்போது டீக்கடை ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான். 41 ஹெர்ட்ஸ் என்ன, 100 ஹெர்ட்ஸையே அது ஒழுங்காகத் தராது. ஆனாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் எப்படி நடக்கிறது என்பதை அந்த ரேடியோவிலேயே கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊரில் ஏராளம். ஈ கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை என்பதுதான் காரணம். 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இந்த மேல் சுரங்கள் காதுக்கு வந்துவிட்டால் அடியில் இருக்கவேண்டிய சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். பேஸ் "பெரிதாக" இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு 80-க்கும் 1,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவே நடக்கிற வேலை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஆம்பெக் எஸ்.வி.டி.யைப் பாருங்கள். 1969-ல் வந்த 300 வாட் டியூப் ஆம்ப். அதோடு சேரும் பத்து இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு கொண்ட மூடிய பெட்டியை (கேப்) எல்லோரும் ஃபிரிட்ஜ் என்றே சொல்வார்கள், எடையும் 60 கிலோவுக்கு மேல். ராக் பேஸ் ஒலிக்கே இலக்கணமான அந்த கேப், 58 ஹெர்ட்ஸுக்குள்ளேயே 3 டெசிபல் இறங்கிவிடும். 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைவு. அதாவது தடித்த ஈ கம்பியின் அடிப்படைச் சுரத்தை அந்த மலை போன்ற பெட்டி பாதிகூடத் தருவதில்லை. ஆனாலும் முன்னால் நின்றவனுக்கு வயிற்றில் குத்து விழும்.

வீட்டில் சத்தம் குறைத்து வாசிக்கும்போது லோவை ஏற்றத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். அதனால் படுக்கையறையில் பிடித்த அமைப்பு மேடைச் சத்தத்தில் தாங்கமுடியாத லோவாக மாறிவிடும். வீட்டில் வைத்த அமைப்பை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

முதல் படி: கம்பி, கை, பிக்கப்

கம்பி பழசாகி மங்கியிருந்தால் மேல் சுரங்களே பிறக்காது. பிறக்காததை எந்தப் பெடலும் வளர்க்க முடியாது. 45 முதல் 105 வரையிலான வழக்கமான தடிமன் போதும். டியூனிங்கை டீ வரை இறக்குபவர்கள் 50–110 போட்டால் கம்பி தொளதொளக்காது. ஸ்டீல் கம்பி கூர்மையாகவும் நிக்கல் கொஞ்சம் மென்மையாகவும் இருக்கும். ஒலியைச் சிதைத்துச் சொரசொரப்பாக்கும் டிரைவ் பெடல் வைக்கும் எண்ணம் இருந்தால் புது ஸ்டீல் நன்றாகப் பேசும். மோடவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பியை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். அவர் ஒற்றை விரலில் வாசித்த விதம் வேறு, அவருக்கு முன்னால் சுவர் மாதிரி கிட்டார் டிஸ்டார்ஷனும் நிற்கவில்லை.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் உயரத்தைப் பலர் தொடுவதே இல்லை. கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப்பிடித்து அளந்தால், பிரிசிஷன் வகை பேஸில் ஈ கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 2.8 மில்லிமீட்டர், ஜீ பக்கம் 2 மில்லிமீட்டர் இருப்பது நல்ல தொடக்கம். ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுரம் தள்ளாடும். ரொம்ப விலகினால் ஒலி சோனியாகிவிடும். நான்கு கம்பியும் ஒரே அளவு சத்தம் தருகிறதா என்பதைக் காதால் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவையுங்கள்.

கை விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். கம்பிகள் முடியும் பாலத்தை (பிரிட்ஜ்) நோக்கிக் கையை நாலு விரற்கடை நகர்த்தினால் மிட் தானாகக் கூடும், கழுத்தை நோக்கி நகர்த்தினால் உருண்டு கேட்கும். எந்த ஈக்யூவையும்விட (லோ, மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வேகமான ஈக்யூ இது. வாசிக்காத கம்பிகளை இடது கையால் அடக்குவதும் முக்கியம். ஒலி பெரிதாகப் பெரிதாக, அடக்காத கம்பியின் முனகலும் பெரிதாகும். டிரைவ் போட்டால் அது ஊளையிடும்.

இரண்டாம் படி: ஆம்ப்

ஈக்யூ குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். பெடல்கள் அணைந்திருக்கட்டும். நீங்கள் மேடையில் எவ்வளவு அழுத்தி அடிப்பீர்களோ அவ்வளவு அழுத்தி அடித்துக்கொண்டே கெயினை (ஆம்புக்குள் நுழையும் ஒலியின் அளவு) ஏற்றுங்கள். அளவு மீறுவதைக் காட்டும் கிளிப் விளக்கு கண்சிமிட்டினால் சற்றே இறக்குங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் ஆம்பில் அதற்கென்று இருக்கும், உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கலாம். சத்தத்தை மாஸ்டரில் ஏற்றுங்கள். கெயினைக் கீழே வைத்து மாஸ்டரை உச்சத்தில் வைப்பவர்களுக்கு இரைச்சல்தான் மிச்சம்.

இதற்குமேல் தனியாக நின்று எதையும் திருகாதீர்கள். பேண்ட் முழுக்க ஒரே நான்கு பாரைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும், நீங்களும் வாசித்துக்கொண்டே திருகுங்கள். கிட்டாரிஸ்ட் முகம் சுளிப்பார். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லிவையுங்கள்.

மிட்டின் இடத்தை நகர்த்தும் வசதி இருக்கும் ஆம்ப் என்றால் மிட்டை 6 டெசிபல் ஏற்றிவிட்டு, அதன் இடத்தை 400 ஹெர்ட்ஸிலிருந்து 1,000 வரை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில், இதுவரை உறுமலாக மட்டும் இருந்த பேஸ் சுரம் சுரமாகப் பிரிந்து முன்னால் வரும். என் பேஸுக்கு அது 650-க்குப் பக்கத்தில். உங்களுக்கு வேறாக இருக்கும். அங்கே நிறுத்தி, ஏற்றியதைப் பாதியாகக் குறையுங்கள். பிறகு 250-க்குப் பக்கத்தில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். சின்ன அறைகளில் குழம்பு மாதிரி கெட்டியாகத் தேங்குவது அந்த வட்டாரம்தான். கடைசியாக லோ. அது போதவில்லை என்று தோன்றும் வரை இறக்கி, இறக்கியதில் பாதியைத் திரும்ப ஏற்றுங்கள். இந்த வரிசையில் செய்தால் லோ எப்போதும் நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த இடத்தில்தான் நிற்கும். மோட்டர்ஹெட் குழுவின் லெமி மார்ஷல் ஆம்பில் மிட்டை முழுக்க ஏற்றி வாசித்தவர். அந்த பேஸைச் சின்னது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மிட்டை இறக்கி, லோவையும் ட்ரெபிளையும் ஏற்றும் அந்தச் சிரிக்கும் வாய் போன்ற ஈக்யூ இருக்கிறதே, கடையில் பேஸ் வாங்கும்போது மட்டும் அழகாக இருக்கும். கட்டைவிரலால் கம்பியை அடித்துத் தனியாக ஸ்லாப் வாசிப்பவருக்கு அது சரி. இரண்டு கிட்டாருக்கு நடுவே நிற்பவருக்கு அது தற்கொலை.

வாட்டும் ஓமும்

300 வாட் ஆம்பை விற்று 600 வாட் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அந்தப் பணத்தில் அதே மாதிரி இன்னொரு கேப் வாங்கினால் காற்றைத் தள்ளும் பரப்பு இரட்டிப்பாகும், ஓம் குறைவதால் ஆம்பும் கூடுதல் சக்தியைத் தரும். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 6 டெசிபல் வரை கிடைக்கும். பெரிய ஒலிக்கு ஆம்பைவிட கேப்தான் நேர்வழி என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஓம் என்பது மின்தடையின் அளவு; 8 ஓம் கேப் இரண்டை இணைத்தால் 4 ஓம். ஆம்பின் பின்பக்கம் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்துங்கள், மூன்றாவது கேப் கூடாது. டியூப் ஆம்பைக் கேப் இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்ப் ஹெட்டிலிருந்து கேபுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்கவேண்டும். பார்க்க ஒரே ஜாக் மாதிரி இருந்தாலும் கிட்டார் கேபிளின் மெல்லிய உள்கம்பி அந்த மின்னோட்டத்துக்குச் சூடாகிவிடும்.

மூன்றாம் படி: கம்ப்ரசர்

முதல் பெடல் எது என்று கேட்டால் டியூனருக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். அழுத்தி அடித்த சுரத்தையும் மெதுவாகத் தொட்டதையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதால் பேஸ் தரையில் கால் ஊன்றி நிற்பது போல ஆகிவிடும். எம்.எக்ஸ்.ஆர். எம்87 மாதிரி எவ்வளவு அழுத்துகிறது என்று விளக்கு காட்டும் பெடல் இருந்தால் கற்றுக்கொள்வது சுலபம்.

ரேஷியோ, அதாவது அழுத்தும் விகிதம், 4:1. அழுத்திய சுரத்துக்கு 4 முதல் 6 டெசிபல் குறைப்பு போதும். அட்டாக்கில், அதாவது கம்ப்ரசர் அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். ஈ கம்பி ஒருமுறை அதிர்ந்து முடியவே சுமார் 24 மில்லி செகண்டு ஆகிறது. அட்டாக்கை 5 மில்லி செகண்டில் வைத்தால் கம்ப்ரசர் சுரத்தின் தொடக்கத்தையே நசுக்கிவிடும், அழுத்தியதை விடுவிக்கும் ரிலீஸும் அதே வேகத்தில் இருந்தால் அதிர்வின் வடிவமே குலையும். 25 முதல் 40-க்குள் வையுங்கள். விரல் கம்பியைத் தொட்ட அந்த முதல் தட்டு தப்பித்து வெளியே வரும், அதற்குப் பின்னால் வருவது மட்டும் அடங்கும். ரிலீஸ் 100-க்கும் 200-க்கும் நடுவே. பெடலை அணைத்தும் போட்டும் பார்க்கும்போது இரண்டு சத்தமும் சமமாக இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் சத்தம் கூடியதையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும்.

நான்காம் படி: டிரைவ், கீழே சுத்தம் மேலே அழுக்கு

கிட்டாருக்காகச் செய்த டிஸ்டார்ஷன் பெடலை பேஸில் மாட்டினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: மேலே தேனீக்கூட்டம், கீழே ஒன்றுமில்லை. இந்தப் பெடல்கள் பலவும் லோவை வெட்டிவிட்டுத்தான் சிதைக்கின்றன. கிட்டாருக்கு அது வேண்டும். நமக்கோ, அடிச்சுரம் சிதையாமல் நிற்கவேண்டும், மேல் சுரங்கள் மட்டும் சிதைந்து பெருகவேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

எளிய வழி, சுத்தமான ஒலியைக் கலக்கும் பிளெண்ட் குமிழ் இருக்கும் பெடல். டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர், ஹெல்சிங்கியின் டார்க்கிளாஸ் பி7கே, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பேஸ் பிக் மஃப், எம்.எக்ஸ்.ஆர். எம்80, பாஸ் ஓ.டி.பி-3 என்று எல்லாவற்றிலும் ஏதாவதொரு உருவத்தில் இது உண்டு.

அமைக்கும் விதம் இது. பிளெண்டை முழுக்கச் சுத்தமான பக்கம் வைத்துத் தொடங்குங்கள். டிரைவ் குமிழ் பத்து மணி முள்ளில். பேண்ட் வாசிக்கட்டும். பிளெண்டை மெல்ல ஏற்றுங்கள். ஒன்பது மணியில் ஒன்றும் தெரியாது. பதினொன்றில் சுரத்தின் ஓரத்தில் மணல் ஒட்டியது போல லேசாகச் சொரசொரக்கும். பன்னிரண்டு தாண்டும்போது சொரசொரப்பு உங்கள் காதுக்கு அதிகமாகத் தெரியும், ஆனால் அறையின் மறுமுனையில் நிற்பவருக்கு டிஸ்டார்ஷன் என்றே தெரியாது. பேஸ் தடித்துவிட்டது என்றுதான் சொல்வார். கிட்டாரும் சிம்பலும் அந்த மணலை விழுங்கிவிடுகின்றன, மிஞ்சுவது கனம். அதனால் தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் இடம்தான் பெரும்பாலும் சரியான இடம். வீட்டில் அழகாக இருக்கும் டிரைவ் மேடையில் காணாமல் போகும்.

ஒரு ஆபத்து. சில பெடல்களில் சிதைந்த ஒலி தலைகீழாகத் திரும்பி வரும். சுத்தமான ஒலி மேலே போகும்போது அது கீழே போகும், இரண்டும் கலந்தால் லோ ஒன்றையொன்று தின்றுவிடும். பிளெண்டை நடுவில் வைக்கும்போது ஒலி இரண்டு முனைகளிலும் இருப்பதைவிட மெலிந்தால் இதுதான் காரணம். பெடலில் பொலாரிட்டியை (ஒலி தலைகீழா நேரா என்பதை) மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் தட்டுங்கள். இல்லையென்றால் தலைகீழாக்காத வேறு பெடலைத் தேடுவதுதான் வழி.

இன்னும் கடுமையாகச் சிதைக்கும் ஃபஸ் பெடலுக்கும் இதே விதிதான், சுத்தமான பங்கு மட்டும் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

மற்றப் பெடல்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்

ஆக்டேவர் ஒரு எட்டு கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும். ஈ கம்பியில் வாசித்துக்கொண்டே இதைப் போட்டால் 20 ஹெர்ட்ஸ்தான் வரும். அது யாருக்கும் கேட்காது, ஸ்பீக்கர் காகிதம் மட்டும் வீணாகத் துடிக்கும். பழைய பாஸ் ஓசி-2 வகைகள் அந்தத் தாழ்வில் சுரத்தைப் பிடிக்க முடியாமல் விக்கவும் செய்யும். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே, டீ, ஜீ கம்பிகளில் வாசிக்கும்போது போட்டால் அழகு. கம்ப்ரசருக்கும் டிரைவுக்கும் முன்னால் வையுங்கள்.

கோரஸ் பெடல் ஒலிக்கு அகலம் தரும். ஆனால் லோவைத் தொடாத பேஸ் கோரஸாக இருக்கவேண்டும். ரிவெர்ப், டிலே இரண்டும் பெரிய ஒலிக்கு எதிரி. அறையே போதுமான எதிரொலியைத் தரும்.

யாரும் ஆசைப்பட்டு வாங்காத, ஆனால் எனக்கு அதிகம் உதவியது ஹை-பாஸ் ஃபில்டர். 35 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டும். கேட்காத அதிர்வுகளுக்கு ஆம்ப் செலவழிக்கும் சக்தி மிச்சமாகி, கேட்கும் அதிர்வுகளுக்குப் போகிறது. அதே ஆம்பில் இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்க முடிகிறது, கேபும் படபடக்காமல் இறுகிப் பேசுகிறது. சங்கிலியின் கடைசியில் வையுங்கள்.

வரிசை இப்படி: டியூனர், ஆக்டேவர், கம்ப்ரசர், டிரைவ், கோரஸ், ஈக்யூ, ஹை-பாஸ். கம்ப்ரசரை டிரைவுக்குப் பின்னால் வைப்பவர்களும் உண்டு. முன்னால் வைத்தால் டிரைவ் ஒரே சீராக வரும், பின்னால் வைத்தால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப டிரைவ் மாறும்.

மின்சாரம் பற்றி இங்கேயே சொல்லவேண்டும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை எதிர்மறை. எனது முதல் பெடலை, முனை மாறியிருந்த மலிவு அடாப்டர் ஒன்று ஒரே நொடியில் கொன்றது. கருகிய வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. வாங்கும்போது அடாப்டரின் மேலிருக்கும் வட்டமும் கோடும் கொண்ட சிறு படத்தைப் பெடலில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஜிட்டல் பெடல்கள் மில்லி ஆம்பியர் அதிகம் கேட்கும், ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கினால் இரைச்சல் குறையும்.

இன்னொன்று உயிர் விஷயம். ஹம் வருகிறது என்று பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிடும் பழக்கம் நம் ஊர் மேடைகளில் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். பேஸின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை அடி வாங்கியவர்களைக் கேளுங்கள். ஹம்முக்கு டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்தான் மருந்து.

ஐந்தாம் படி: இரண்டு பாதை

யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பேக்கர் பேஸின் இரண்டு பிக்கப்புகளையும் பிரித்து வெவ்வேறு பாதையில் அனுப்பினார். மியூஸின் கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம் சுத்தமும் சிதைவும் தனித்தனியாக ஓடும்படி வைத்துக்கொண்டார். ராயல் பிளட் குழுவில் பேஸும் டிரம்ஸும் மட்டுமே. மைக் கெர் தன் பேஸை பேஸ் ஆம்புக்கும் கிட்டார் ஆம்புக்கும் பிரித்து, கிட்டார் பக்கத்தை ஒரு எட்டு மேலே ஏற்றிவிடுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் கிட்டாரிஸ்ட் எங்கே என்று தேடுவீர்கள்.

வீட்டில் செய்ய உங்களுக்கு வேண்டியது, ஒரு ஒலியை இரண்டு ஆம்புக்குப் பிரித்து அனுப்பும் ஏ.பி.ஒய். பாக்ஸ். ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மரும் பொலாரிட்டி ஸ்விட்ச்சும் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆம்பும் சேர்ந்து ஹம் பாடும். சுத்தமான பாதை கம்ப்ரசர் வழியாக பேஸ் ஆம்புக்கு. அழுக்குப் பாதையில் முதலில் ஹை-பாஸ் ஃபில்டர், 200 முதல் 250 ஹெர்ட்ஸில். பிறகு டிரைவ், பிறகு கிட்டார் ஆம்ப். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் 15 வாட் கிட்டார் காம்போவே போதும். அந்த ஹை-பாஸை மறந்தால் கிட்டார் ஸ்பீக்கர் அதிக நாள் தாங்காது, ஒலியும் சேறாகும்.

சத்தத்தைச் சமன்செய்ய, முதலில் பேஸ் ஆம்பை மட்டும் பேண்டுக்குத் தேவையான அளவு வையுங்கள். பிறகு கிட்டார் ஆம்பை அது இருப்பது தெரியாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். அணைத்தால் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும், போட்டால் எதுவும் துருத்தக்கூடாது. பொலாரிட்டி ஸ்விட்ச்சை இரண்டு பக்கமும் தட்டி, எதில் தடிப்பாக இருக்கிறதோ அதில் விடுங்கள். இரண்டு கேபையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கோட்டில் வையுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு பாதை மற்றதைவிட ஒரு மில்லி செகண்டு தாமதித்தால் 500 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் பள்ளம் விழும், நாம் பாடுபட்டு வளர்த்த மிட் அங்கேதான் இருக்கிறது. ஒரு பாதையில் மட்டும் டிஜிட்டல் மல்டி-எஃபெக்ட்ஸ் வைப்பவர்களுக்கு இந்தத் தாமதம் தெரியாமலே வந்து சேரும்.

ஆறாம் படி: அறை, மேடை, மற்றவர்கள்

கேபைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலியோடு மோதி அதைக் குறைக்கும். கனம் இருக்கும் இடமே அதுதான். சுவரோடு ஒட்டி வைத்தால் இந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும், லோவும் இலவசமாகக் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் சின்ன ஜாம் ரூமில் மூலை பெரும்பாலும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஊதிப் பெருக்கும். ஏ கம்பியில் ஒரு சுரம் மட்டும் அலறினால் ஈக்யூவைத் தொடுவதற்கு முன் கேபை ஒரு முழம் நகர்த்துங்கள். பொந்து மாதிரி ஒலிக்கும் மரமேடையில் கேபை நாற்காலியிலோ காலிப் பெட்டியிலோ தூக்கி வைத்தால் ஒலி இறுகும், உங்கள் காதுக்கும் நேராக வரும்.

கிட்டாரிஸ்டிடம் பேசுங்கள். அவர் ஆம்பில் இருக்கும் லோ குமிழ் உங்கள் இடத்தில் குடியிருக்கிறது. அவர் அதை இரண்டு புள்ளி இறக்கினால் நீங்கள் எந்தப் பெடலும் இல்லாமல் வளர்வீர்கள். எங்கள் பேண்டில் இதற்கு ஒரு சிக்கன் பிரியாணி செலவானது, பெடலோடு ஒப்பிட்டால் லாபம்தான். டிரம்மரோடும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். கிக் டிரம் 60 ஹெர்ட்ஸில் குத்துகிறது என்றால் நீங்கள் 90–100-ல் கனம் வையுங்கள். கிக் மேலே கட்டையாக ஒலித்தால் நீங்கள் கீழே போகலாம். பாட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது: பாட்டின் கோரஸ் பகுதிக்கு முந்தைய பாரில் பேஸை நிறுத்திவிட்டு, கோரஸின் முதல் அடியில் ஈ கம்பியில் இறங்கினால் எந்த ஆம்பிலும் அது பெரிதாகக் கேட்கும்.

பெரிய மேடையில் மக்களுக்குக் கேட்பது உங்கள் கேப் அல்ல, அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களான பி.ஏ.தான். மிக்ஸரில் இருப்பவருக்குப் போகும் டி.ஐ. எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். பெடல்களுக்குப் பின்னால், ஆம்பின் ஈக்யூவுக்கு முன்னால் எடுப்பது நல்லது. அப்போது டிரைவ் அவருக்குப் போகும், மேடையில் உங்கள் காதுக்காக நீங்கள் செய்யும் திருகல்கள் போகாது. ஒன்று மட்டும்: பல கேப்கள் இயல்பாகவே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும், டி.ஐ. வெட்டாது. அதனால் மேடையில் இனித்த டிரைவ் பி.ஏ.யில் அப்பளம் நொறுங்குவது போல வரும். கேப் சிமுலேஷன் இருக்கும் டி.ஐ. பயன்படுத்துங்கள், அல்லது 4,000–5,000-க்கு மேல் வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போடச் சொல்லுங்கள். "அண்ணா, டிரைவ் பெடல் இருக்கு, மேல கொஞ்சம் வெட்டிக்கோங்க" என்றால் அவரே புரிந்துகொள்வார்.

கடைசியாக, ஜாம் ரூமில் எல்லாம் சரியாக வந்த நாளில் போனை அறையின் மறுகோடியில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய், ஹெட்போன் இல்லாமல் போனின் சின்ன ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று அதில் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் மறுநாள் மிட்டில் இருந்து மறுபடி தொடங்குங்கள். முடிந்ததும் எல்லாக் குமிழ்களின் இடத்தையும் பெயிண்டர் டேப் ஒட்டிப் பேனாவால் குறித்துவையுங்கள். போகும் வழியில் பையில் உரசி எல்லாம் திரும்பியிருக்கும். மேடையில் ஏறியதும் அந்தக் கோடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, லோ ஒன்றைத் தவிர எதையும் தொடாதீர்கள். அதையும் இறக்க மட்டும் தொடுங்கள்.